காந்தப் பையும் காவிரித் தூசியும்

"காந்தப் பை வைக்காதீங்க சார், பெயிண்ட்டைத் தின்னுடும்." தஞ்சாவூரில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில் கேட்கக் கிடைக்கும் எச்சரிக்கை இது. சும்மா சொல்வதில்லை. பை வைத்து ஓட்டிய டேங்க்குகளில், காந்தம் உட்கார்ந்த இடத்தில் மட்டும் பளபளப்பு போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் திட்டு விழுந்திருப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கண்டது சரி, கண்டுபிடித்த காரணம்தான் தவறு. பெயிண்ட் என்பது காந்தப்புலத்தைச் சட்டையே செய்யாத ஒரு பாலிமர் படலம். மெட்டாலிக் பெயிண்ட்டில் மின்னும் துணுக்குகள்கூட அலுமினியம்தான்; அவற்றையும் காந்தம் இழுக்காது. பிறகு யார் தின்பது? ஆளைத் தேடி வெளியூர் போக வேண்டாம். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலிலும், அந்த வண்டலில் விளைந்த நெல்லின் உமியிலும் இருக்கிறது பதில்.

பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்காரும் பை ஒரு காலத்தில் நெடும்பயணக்காரர்களின் சாமான். இப்போது திருவையாறு, பாபநாசம், நீடாமங்கலம் என்று நாளெல்லாம் அலையும் மெடிக்கல் ரெப்பின் வண்டியிலும், ஞாயிற்றுக்கிழமை கோடியக்கரை வரை போய்வரும் இளைஞர்களின் வண்டியிலும் பார்க்கலாம். முதுகில் பாரம் இல்லை. பங்க்கில் பெட்ரோல் போடும்போது வார் அவிழ்க்கிற வேலையும் இல்லை. தூக்கினால் கையோடு வந்துவிடும். பையின் அடியில் இரு பக்கமும் விரியும் மடிப்புகளுக்குள் காந்தங்களை வைத்துத் தைத்திருப்பார்கள்.

இதெல்லாம் டேங்க் எஃகாக இருந்தால்தான். புல்லட், ஸ்ப்ளெண்டர் போன்றவற்றின் டேங்க் எஃகுத் தகட்டை அழுத்தி வடித்து, ஓரங்களைப் பற்றவைத்துச் செய்தது, காந்தம் கவ்வும். புது மாடல்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரிவது டேங்க்கே அல்ல, அதன் மேல் மாட்டிய பிளாஸ்டிக் மூடி. சிலவற்றில் நடுவில் எஃகும் இரு பக்கமும் பிளாஸ்டிக்கும் இருக்கும். பை வாங்கும் முன் குளிர்பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தத்தை எடுத்துப்போய் டேங்க் முழுக்க வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பழைய வண்டி வாங்குபவர்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. எங்காவது அடிபட்டு ஒடுங்கி, பட்டி பூசி நிரவிய இடத்தில் காந்தம் சோம்பலாக ஒட்டும், அல்லது வழுக்கி விழும். விற்பவர் வாய் திறக்காததைக் காந்தம் சொல்லிவிடும்.

பட்டிக்கு மேல் ஏன் பிடிக்கவில்லை என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் பாதி அடங்கியிருக்கிறது. காந்தத்தின் இழுவிசை தூரத்தோடு படுவேகமாகக் குறையும். இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது இருக்கும் பிடியில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே பெரும்பகுதி போய்விடும். டேங்க் வளைந்தது, காந்தம் தட்டையானது. ஆகவே பையின் காந்தம் எப்போதும் ஏதோ ஓர் ஓரத்தில் தொட்டு மற்ற இடத்தில் சற்றுத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. இன்னொரு குறையும் உண்டு. டேங்க் தகட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய எஃகு ஓரளவுக்கு மேல் காந்தப் பாயத்தைத் தாங்காது, நிரம்பிவிடும். 1980களில் ஜப்பானின் மசாத்தோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம் காந்தம்தான் இன்று சந்தையில் கிடைப்பவற்றில் வலிமையானது. ஆனால் அதன் முழு வலிமை தடித்த இரும்புக் கட்டியின் மேல்தான் தெரியும், டேங்க்கின் மேல் தெரியாது.

இனி கணக்குக்கு வருவோம். காந்தம் இழுக்கும் திசை ஒன்று, பை நகரப் பார்க்கும் திசை வேறு. காந்தம் தகட்டை நோக்கிச் செங்குத்தாக இழுக்கிறது. பிரேக் போட்டால் பை முன்னால் வழுக்கப் பார்க்கிறது, வளைவில் பக்கவாட்டில். அந்த வழுக்கலைத் தடுப்பது உராய்வு மட்டும்தான். நான்கு காந்தங்களும் சேர்ந்து 20 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன என்றும், உராய்வுக் கெழு 0.3 என்றும் வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் கிடைக்கும் பிடி வெறும் 6 கிலோ. வளைவும் மெல்லிய தகடும் சேர்ந்து இழுவிசையைப் பாதியாக்கினால் 3 கிலோ. பையில் சாமான் நான்கு கிலோ இருந்து, குறுக்கே ஓர் ஆடு வந்து, சடாரென்று பிரேக் பிடித்தால், பையை முன்னே தள்ளும் விசையும் கிட்டத்தட்ட அதே 3 கிலோ. பையின் சொந்த எடையும் கொஞ்சம் அழுத்தும்தான். வேகத்தடையில் வண்டி துள்ளும் நொடியில் அந்த உதவியும் இருக்காது. ஆக, காந்தப் பை எப்போதும் வழுக்கலின் விளிம்பில்தான் பயணம் செய்கிறது.

இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்வார்கள். பெயிண்ட் கீறக் கூடாதே என்று தடிமனான துண்டையோ ஸ்பாஞ்சையோ டேங்க்கில் விரித்து, அதன் மேல் பையை வைப்பார்கள். மூன்று மில்லிமீட்டர் துணி நுழைந்ததும் காந்தத்தின் பிடி சரிகிறது. முன்பு அவ்வப்போது வழுக்கிய பை இப்போது ஓயாமல் வழுக்குகிறது, அடியில் இருக்கும் துணியையும் கூட்டிக்கொண்டு.

கண்ணுக்குத் தெரியும் வழுக்கல் இது. தெரியாத வழுக்கல் வேறு. நம் ஊர்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அதிர்வு. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறோம் என்று கொண்டால் டேங்க் 1,80,000 தடவை அதிர்ந்திருக்கும். (மோட்டார் சைக்கிள் அதிர்வு செல்பேசிக் கேமராவின் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனம் எச்சரித்தது, அந்தச் செல்பேசியையும் டேங்க் பையின் மேலுறையில் செருகி வைக்கிறோம்.) ஒவ்வோர் அதிர்விலும் காந்தத்தின் அடிப்பரப்பு டேங்க்கின் மேல் சில மைக்ரான் முன்னும் பின்னுமாக நகரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய நகர்வால் என்ன ஆகிவிடும்? இடையில் ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் ஆகாது. இடையில் தூசி இருந்தால், அது உப்புத்தாள்.

டேங்க்கின் பெயிண்ட் பார்வைக்குத்தான் கெட்டி. எஃகின் மேல் பாஸ்பேட் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் சுமார் 100 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடச் சற்று அதிகம். பளபளப்பு முழுவதும் மேலே உள்ள 30 முதல் 50 மைக்ரான் கிளியர் கோட்டைச் சேர்ந்தது. அதன் கடினத்தைப் பெயிண்ட் தொழிலில் பென்சிலைக் கொண்டே சோதிக்கிறார்கள். எச்பி, எச், 2எச் என்று ஒவ்வொன்றின் முனையையும் தட்டையாகத் தேய்த்து அழுத்தித் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் தடம் பதிக்கிறதோ அதை வைத்து மதிப்பிடுவார்கள். பென்சிலே தடம் பதிக்கும் பரப்பு மணல் பட்டால் எப்படித் தாங்கும்?

கிளியர் கோட்டில் கீறல் விழும்போது நிறம் போவதில்லை. வழவழப்பான பரப்பில் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது, அதுதான் பளபளப்பு. நுண்ணிய கீறல்களின் சரிவுகள் அதே ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கின்றன, அது மங்கல். வெயிலில் கறுப்பு டேங்க்கைப் பார்த்தால் சூரியப் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். யாரும் வட்டமாகத் துடைத்ததால் வந்தவை அல்ல. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒளி வரும் வழிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பிவிடுகின்றன, அவை சேர்ந்து வட்டமாகத் தெரிகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் மங்கல் போகும். எப்படிப் போகிறது? கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டையே சீவி எடுப்பதால்தான். ஒவ்வொரு ரப்பிங்கும் சில மைக்ரானைக் கொண்டுபோகிறது. இருப்பே நாற்பது மைக்ரான் என்கிறபோது தீபாவளிக்குத் தீபாவளி ரப்பிங் போடுவது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை.

* * *

சரி, தூசிக்கு வருவோம். எல்லா ஊர்த் தூசியும் ஒன்றல்ல.

பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பருக்கு எண் உண்டு. 220 என்றால் அதில் ஒட்டியிருக்கும் துகளின் சராசரி அளவு 68 மைக்ரான். 1000 என்றால் 18. 2000 என்றால் 10. புவியியலாளர்கள் வண்டல் என்று வகுக்கும் துகளின் அளவு 63 மைக்ரானிலிருந்து கீழே 2 மைக்ரான் வரை. கடையில் 220 முதல் 2000 வரை அடுக்கி வைத்திருக்கும் வாட்டர் பேப்பர் வரிசை ஏறக்குறைய முழுவதும், அதைவிட நுண்ணியதும், காவிரி வண்டலுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். இந்த மண்ணின் நுண்மையைச் சுவாமிமலை ஸ்தபதிகள் வேறு விதமாக அறிந்திருக்கிறார்கள். மெழுகுச் சிலையின் மேல் முதல் பூச்சுக்கு அவர்கள் எடுப்பது ஆற்றின் வண்டல் மண்ணைத்தான். கண் இமையின் கோடுவரை அச்சில் பதிய வேண்டுமானால் அவ்வளவு நைசான மண் வேண்டும். மேட்டூர் அணை 1934இல் முடிந்த பிறகு புது வண்டல் முன்போல் வருவதில்லை என்று டெல்டா விவசாயிகள் வருத்தப்படுவது நியாயம்தான். வண்டி ஓட்டுபவர்களுக்குப் பழைய வண்டலே போதும். பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது.

வண்டலில் களிமண்ணும் மைக்காவும் மென்மையானவை, பெயிண்ட்டுக்குப் பெரிய பகை இல்லை. குவார்ட்ஸ்தான் விஷயம். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடின வரிசையில் வைரம் 10, குவார்ட்ஸ் 7. சாதாரணக் கத்தியின் எஃகே ஐந்தரையைத் தாண்டுவது அரிது. ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். தார்ப்பாய் சரியாகக் கட்டாத மணல் லாரிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் ஓட்டினால் முகத்தில் அடிப்பதும் அதுவே.

ஆனால் காந்தப் பைக்கென்றே வாய்த்த கனிமம் வேறொன்று. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தத்தை எடுத்து ஆற்று மணலில் புரட்டிய விளையாட்டு காவிரிக் கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். காந்தம் முழுக்கக் கறுப்பு மீசை முளைத்துவிடும். இரும்புத் தூள் என்று சொல்லிக்கொள்வோம். அது மேக்னடைட், இரும்பின் ஓர் ஆக்ஸைடு. சேலத்துக்கு அருகே கஞ்சமலையில் இது பட்டை பட்டையாகவே கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் அந்தத் தாதுவை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். கஞ்சமலை மட்டுமல்ல, காவிரி கடந்து வரும் சார்னோகைட், நைஸ் பாறைகள் பலவற்றிலும் பொடிப்பொடியாக மேக்னடைட் உண்டு. பாறை உதிர, ஓடை அரிக்க, ஆறு சுமக்க, கடைசியில் திருவையாற்றுப் படித்துறை மணலில் கறுப்புக் கோடாகப் படிகிறது. அதன் கடினம் மோஸ் வரிசையில் ஆறு அளவில். பெயிண்ட்டுக்கு அதுவே அதிகம்.

குவார்ட்ஸ் தூசி தற்செயலாக வந்து விழும். மேக்னடைட்டை நம் பையே கூப்பிட்டு வரவழைக்கிறது. டீக்கடையில் நிறுத்துகிறோம், பையைக் கழற்றித் தரையிலோ திண்ணையிலோ வைக்கிறோம். காந்தமுள்ள அடிப்பக்கம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. டீ குடித்து முடிப்பதற்குள் கறுப்புத் துகள் ஏறிவிடும். கறுப்புத் துணியில் கறுப்புத் துகள், கண்ணுக்குத் தெரியாது. தட்டினாலும் போகாது, காந்தம் விடாது. அப்படியே தூக்கி டேங்க்கில் வைக்கிறோம்; நொடிக்கு ஐம்பது அதிர்வு காத்திருக்கிறது. எமரி என்று நாம் அறிந்த சாணைப்பொடி இயற்கையில் கிடைக்கும்போது அதில் குருந்தக் கல்லோடு மேக்னடைட்டும் கலந்தே இருக்கும். வண்டியின் பிரேக் டிஸ்க்கும் தேய்ந்து தேய்ந்து இரும்புத் தூளைப் பறக்கவிடுகிறது. பட்டறை வாசலிலோ லேத் கடை ஓரமாகவோ பையை வைத்தால் கேட்கவே வேண்டாம்.

காந்தம் குற்றவாளி இல்லை என்றேன். குற்றவாளிக்குத் தரகன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றாவது தூசி ஆற்றிலிருந்து வருவதில்லை, வயலிலிருந்து வருகிறது. நெல்லுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. மண்நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேர் வழியாக ஏராளமாக உறிஞ்சும். 2006இல் ஜப்பானின் ஒகாயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான் ஃபெங் மாவும் உடன் ஆய்வாளர்களும் இதற்கான வாயிலாக வேரில் இருக்கும் புரதத்தை அடையாளம் கண்டார்கள். அதற்கான மரபணுவின் பெயர் எல்எஸ்ஐ1. அந்த வாயில் பழுதான நெல் வகை பூச்சிக்கு எளிதில் இரையானது, விளைச்சலும் விழுந்தது. உறிஞ்சிய சிலிக்காவைப் பயிர் இலையிலும் தண்டிலும் எல்லாவற்றுக்கும் மேலாக உமியிலும் படிய வைக்கிறது. உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை அதுவே. ஓப்பல் கல்லில் இருக்கும் அதே படிகமற்ற சிலிக்கா. கடினம் ஐந்தரை, ஆறு. நெல் அறுத்தவர்களுக்கு மேல் அரிப்பதற்கும், வைக்கோல் விளிம்பு கையைக் கிழிப்பதற்கும் காரணம் புரிந்திருக்கும்.

நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும், சாம்பல் போட்டுப் பித்தளைக் குடத்தை விளக்கியதும் இந்தச் சிலிக்காவை நம்பித்தான். பித்தளையில் ஏறிய களிம்பையே அது சீவியது. ஆயுத பூஜையன்று டேங்க்கில் பட்டை பட்டையாகப் பூசும் திருநீறும், மாடு தின்ற வைக்கோலின் சிலிக்காவைச் சுமந்திருக்கும் சாணச் சாம்பல்தான், அசல் திருநீறாக இருக்கும் பட்சத்தில். பூசுவதில் ஒரு குற்றமும் இல்லை. மறுநாள் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறோமே, அங்கேதான் கீறல். தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டால் போதும்.

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பாவும் தாளடியும் ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை நீளும். நீடாமங்கலம், மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் அந்த நாட்களில் போனால் தார்ச்சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். அறுவடை இயந்திரம் வயலில் சுற்றினால் சுணைத்தூசி மேகமாக எழுந்து சாலைக்கு வரும். கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் தூற்றும் தூசு ஒரு பக்கம், அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல் கறுப்புப் பொடியாக வந்து இறங்குவது இன்னொரு பக்கம். அந்த வழியாகப் போய்வந்த வண்டியின் டேங்க்கை விரலால் தொட்டுப் பார்த்தால் நறநறக்கும்.

* * *

மெத்தென்ற துணி கீறாது என்பது பலருடைய நம்பிக்கை. துணி கீறாது, உண்மை. அதில் பொதிந்த துகள் கீறும், அதுவும் நன்றாகக் கீறும். திருச்சியில் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டியவர்களைக் கேட்டால் தெரியும். தீட்டும் தட்டு கல்லைவிட மென்மையான உலோகம். அதில் தடவும் பொடிதான் கடினம். தட்டு மென்மையாக இருப்பதால் பொடி அதில் புதைந்து உருளாமல் நிற்கிறது. நிற்பதால் கல்லைச் சீராகச் சீவுகிறது. காந்தப் பையின் அடியில் தைத்திருக்கும் மெத்தென்ற துணி அந்தத் தட்டின் வேலையைச் செய்கிறது. துகள் தனியாக உருண்டால் அங்கங்கே புள்ளிப்புள்ளியாகக் குத்தும். துணியில் பொதிந்தால் கோடு இழுக்கும்.

எனவே முதல் வேலை கழுவுவது. டேங்க்கில் தண்ணீரை ஊற்றித் தூசியை முதலில் ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். காலையில் சீட்டுக்கு அடியிலிருந்து பழைய பனியன் துணியை உருவி, காய்ந்த டேங்க்கை இரண்டு தட்டுத் தட்டித் துடைத்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் காந்தப் பையைவிட அதிகம் டேங்க்குகளைக் கெடுத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இரண்டாவது, பையின் அடிப்பக்கம். அதைப் பிரஷ்ஷால் தேய்த்தால் மண் போகும், மேக்னடைட் போகாது. செலோடேப்பைப் பசைப்பக்கம் வெளியே வருமாறு விரலில் சுற்றிக்கொண்டு, காந்தம் இருக்கும் இடங்களில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். டேப் கறுக்கும். கறுப்பது நிற்கும்வரை எடுக்க வேண்டும். பையைத் தரையில் வைக்காமல் சீட்டின் மேலோ நாற்காலியிலோ, அடிப்பக்கத்தைச் சுத்தமான துணிப்பையில் நுழைத்தோ வைத்தால் இந்த வேலை பாதி குறையும்.

பையை டேங்க்கின் மேல் இழுத்துச் சரிசெய்வதும் கூடாது. காந்த மடிப்பை ஓரத்திலிருந்து உரித்துத் தூக்கி, வேறு இடத்தில் இறக்க வேண்டும். நேரே மேலே தூக்குவதைவிட உரிப்பது எளிது. உரிக்கும்போது காந்தம் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது, விலக விலகப் பிடி வேகமாகக் குறைகிறது. ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியில் மாட்டும் வார் ஒன்று பல பைகளோடு வரும். அதை வேண்டாத சாமான் என்று வீட்டில் வைத்துவிடுகிறார்கள். பை திருகாமலும் பின்னால் சரியாமலும் பிடித்துக்கொள்வது அந்த வார்தான். எடையும் கூடாது. ரெயின்கோட், தண்ணீர் பாட்டில், காகிதங்கள் சரி. யூரியா மூட்டை வைக்கும் டேங்க்தானே என்று எண்ணிப் பத்துக் கிலோ திணித்தால், மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்த்துவிடும்.

மூன்றாவது, டேங்க்குக்கு ஒரு தோல் போர்த்துவது. கடைகளில் பிபிஎஃப் என்று சொல்லும் பாலியூரித்தேன் படலம், 1960களில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணல் அரிப்பிலிருந்து காக்க 3எம் நிறுவனம் உருவாக்கிய படலங்களின் வழிவந்தது. தடிமன் 150 முதல் 200 மைக்ரான். இதன் நுட்பம் கடினத்தில் இல்லை, மீள்தன்மையில் இருக்கிறது. கடினமான பரப்பை மணல்துகள் உழுதுகொண்டு போகும். மீள்தன்மையுள்ள படலம் துகளுக்கு அமுங்கிக் கொடுத்து, அது கடந்ததும் நிமிர்கிறது. சில படலங்களில் விழுந்த மெல்லிய கீறல் வெயில் சூட்டிலேயே மறையும். இழுபட்ட பாலிமர்ச் சங்கிலிகள் சூட்டில் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புவதால். காந்தப் பைக்கு இதில் இன்னொரு அனுகூலம். 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் காந்தத்தின் பிடி அதிகம் குறைவதில்லை. மூன்று மில்லிமீட்டர் துண்டு செய்த கெடுதலை இது செய்யாது. துண்டு டேங்க்கின் மேல் நகரும், படலம் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும். உராய்வெல்லாம் படலத்தின் தலையில் போய்விடும்.

விலைதான் கொஞ்சம் அதிகம். டேங்க் முழுக்கப் போட வேண்டியதில்லை, காந்தம் உட்காரும் இடங்களில் மட்டும் வெட்டி ஒட்டினால் போதும். அதுவும் முடியாவிட்டால் ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் நிறமற்ற வினைல் தாள். வெயிலில் மஞ்சளாகும், வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் என்ன, மாற்றலாம். ஒட்டுவதற்கு முன் டேங்க்கை நன்றாகக் கழுவிக் காயவைக்காவிட்டால் அடியில் மண் துகள் நிரந்தரமாகச் சிறைப்படும். உள்ளூர்ப் பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த டேங்க்காக இருந்தால் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். பெயிண்ட் முழுக்க இறுகும் முன் படலம் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரும். அடியில் பட்டி இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. உரிக்கும்போது ஹேர் டிரையரால் சூடுகாட்டி, தாளைக் கிட்டத்தட்டத் தட்டையாக மடித்து மெல்ல இழுக்க வேண்டும். சென்னையில் கையால் பொற்கோடு இழுத்த புல்லட் டேங்க் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

நம் ஊரில் பழக்கமான இன்னொரு காப்பு முறை ரெக்சின் டேங்க் கவர். ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே மாட்டிவிடுவார்கள். பத்திரம் என்று நினைத்துப் போடும் அது, நான் பார்த்தவரை டேங்க்குக்குச் செய்யும் தீமை எந்தக் காந்தமும் செய்யாதது. ஓரங்களில் தூசி நுழையும், வெளியேற வழியில்லை. ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே தங்கி, கார்த்திகை முடிந்தும் ஈரம் போகாது. பங்க்கில் சிந்தும் பெட்ரோலும் துணி அடுக்கில் ஊறும். ரெக்சினை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் சித்திரை வெயிலில் மெல்லக் கசிந்து பெயிண்ட்டில் கறையாக ஏறும். மூன்று வருடம் கழித்து விற்பதற்காகக் கவரைக் கழற்றும்போது, வண்டியை வாங்க வந்தவர்தான் முதலில் அந்த டேங்க்கைப் பார்க்கிறார். கவருக்கு மேல் காந்தப் பை வைப்பவர்களும் உண்டு. பிடி போய், பை சுற்றிச்சுற்றி வந்து, அடியில் கவர் முழு டேங்க்குக்கும் உப்புத்தாள் போடும்.

மேட் பெயிண்ட் வண்டிக்கு இதில் தனிச் சட்டம். அதன் மங்கலே அழகு. அந்த மங்கலைத் தருவது கிளியர் கோட்டின் நுண்ணிய மேடுபள்ளம். காந்தப் பை அதைத் தேய்த்தால் அந்த இடம் பளபளக்கத் தொடங்கும். மற்ற டேங்க்கில் மங்கல் விழுவதற்கு நேர்மாறு. ரப்பிங் போட்டுச் சரிசெய்யவும் முடியாது, போட்டால் இன்னும் பளபளக்கும். படலம் ஒட்டாமல் மேட் டேங்க்கில் காந்தத்தை வைக்கவே கூடாது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண நியோடிமியம் காந்தத்தை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் வலிமையில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போகும். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்பு டேங்க் தொட்டால் கை சுடும், என்றாலும் அந்த அளவை எட்டாது. ஆனால் சூட்டில் படலமும் பெயிண்ட்டும் சற்று இளகும். நாள் முழுக்க வெயிலில் பையோடு நிறுத்தினால் மடிப்பின் தையல்கூடப் படலத்தில் அச்சாகப் பதியும். நிறுத்தும்போது கையோடு எடுத்துப்போவதுதான் நல்லது. பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டில் இருந்தால் அந்தப் பையை அவர் மடியில் வைக்கக் கொடுக்காதீர்கள். காந்தப் பட்டை உள்ள பழைய ஏடிஎம் அட்டையையும் அடிப்பக்கத்தில் செருக வேண்டாம். செல்பேசியின் திசைகாட்டி தஞ்சாவூரில் நின்றுகொண்டு வடக்கைத் தப்பாகக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இத்தனையும் செய்தாலும் அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலைகளில் காந்தப் பையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கழுவிவிட்டுக் கிளம்பிய டேங்க்கில் பத்தாவது கிலோமீட்டரிலேயே உமித்தூசி படிந்துவிடும். பங்க்கில் ஒரு தடவை பையைத் தூக்கி இறக்கினால் அந்தத் தூசி அடியில் போய்விடும். தை முதல் பங்குனி வரையும், குறுவை அறுக்கும் வாரங்களிலும் சாமானைப் பின்சீட்டில் வாரால் கட்டிக்கொள்வது மேல். மற்ற மாதங்களில் படலம் ஒட்டிய டேங்க்கும், செலோடேப் ஒற்றிய காந்தமும், நாலு கிலோவுக்குள் சாமானும் இருந்தால் கும்பகோணம் என்ன, நாகப்பட்டினம் வரை கவலையில்லாமல் போய்வரலாம். வழியில் டீக்குடிக்க இறங்கும்போது மட்டும் பையைத் தரையில் வைக்காதீர்கள்.